நடுகல்லும் காட்சிக்கூடமும்

ஒரு பொருளைத் தேர்ந்து, நிறுத்தி, பிறர் காணும்படி வைக்கும் வழக்கம் தமிழர்க்கு இன்று நேற்று வந்ததன்று. போரில் வீழ்ந்தவனுக்குக் கல் நடும் முறையைத் தொல்காப்பியம் படிப்படியாக வகுத்துச் சொல்கிறது. அப்படிகளுள் முதலாவதற்குப் பெயர் 'காட்சி'. தகுந்த கல்லைத் தேடிக் காண்பது அது. நடுவதற்கும் எழுதுவதற்கும் வாழ்த்துவதற்கும் முன்னே, காணுதல் என்ற ஒரு செயலைத் தனியே பிரித்து அதற்கு முதலிடம் கொடுத்தார்களே, அந்த நுட்பம் எனக்கு நாற்பது வயது கடந்த பின்னரே விளங்கிற்று. விளக்கியவர்கள் புலவர்கள் அல்லர். பதினோராம் வகுப்பு மாணவர்கள்.

நான் மைய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். வரலாற்றில் இளங்கலைப் பட்டம் பெற்றவன் என்பதைத் தவிர, அருங்காட்சியகக் கலைக்கும் எனக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி, மூன்று நாள் கடல் பார்த்து, போர்ட் பிளேரில் இறங்கிப் பதினேழு ஆண்டுகள் ஆகின்றன. 2024-ஆம் ஆண்டு முதல் நகரத்தின் பெயர் ஸ்ரீ விஜயபுரம். ஆயினும் கப்பலில் வந்தவர்கள் வாயில் பழைய பெயரே முந்திக்கொண்டு வருகிறது. சென்ற ஆண்டு ஒரு மாலை, நகரிலுள்ள பள்ளி ஒன்றின் தமிழாசிரியர் என் குடியிருப்பைத் தேடி வந்தார். மாணவர்களைக் கொண்டு 'நம் தீவு, நம் மக்கள்' என்றொரு கண்காட்சி அமைக்க வேண்டும், அதற்கு நான் துணை நிற்க வேண்டும் என்றார். எனக்கு என்ன தெரியும் என்று தயங்கினேன். "சரித்திரம் படித்திருக்கிறீர்கள், கோப்பு அடுக்கத் தெரியும். வேறென்ன வேண்டும்?" என்றார்.

அவர் விளையாட்டாகச் சொன்னதில் உண்மை இருந்தது. ஒரு கோப்பில் எதை மேலே வைப்பது, எதை இணைப்பின் அடியில் தள்ளுவது, எதைச் சேர்க்காமலே விட்டுவிடுவது என்று இருபது ஆண்டுகளாகப் பழகிய கை என்னுடையது. மேலதிகாரியின் முடிவு பல நேரங்களில் அந்த அடுக்கிலேயே முடிந்துவிடுகிறது. பொய் ஒரு வரிகூட எழுதாமல் ஒருவனைக் குற்றவாளியாகவும் காட்டலாம், குணவானாகவும் காட்டலாம். கண்காட்சி அமைப்பவன் கையிலும் இருப்பது இதே வல்லமைதான் என்பதை அன்று நான் எண்ணிப் பார்க்கவில்லை.

இக்கலையைக் கற்பிக்கப் பல்கலைக்கழகத் துறைகளே உண்டு. பரோடாவில் 1952-ஆம் ஆண்டிலேயே இதற்கெனத் தனித்துறை தொடங்கப்பட்டது. அங்கெல்லாம் போய்ப் படிக்க எங்களுக்கு வாய்ப்பில்லை. கிடைத்த நூல்களைப் புரட்டிச் சில நடைமுறைகளை மட்டும் திரட்டிக்கொண்டேன். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறத்தாழ 145 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் நிற்பவர் கண்ணுக்கு எளிது. விளக்க அட்டையில் ஐம்பது அறுபது சொற்களுக்கு மேற்பட்டால் நின்று படிப்பவர் குறைவர். பழந்தாளும் பழந்துணியும் 50 லக்ஸ் அளவு மங்கிய ஒளியையே தாங்கும். சன்னலோரம் வைத்தால் ஒளியே அவற்றைத் தின்றுவிடும். நம் தீவிலோ ஒளியைவிட ஈரம் கொடியது. ஆண்டில் பாதிக்கு மேல் மழை, மீதிக்கு உப்புக்காற்று. இரும்பு துருவேறும், தோல் பூஞ்சை பிடிக்கும். இவற்றையெல்லாம் மாணவர்கள் இரண்டே நாளில் கற்றுக்கொண்டார்கள். கற்பதற்கு அரியது வேறொன்று.

முதல் நாள் ஒவ்வொருவரும் ஒரு பொருளைக் கொண்டுவரப் பணித்திருந்தோம். சங்கும் சிப்பியும் குவிந்தன. அவற்றுள் சில வகைகள் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவன என்று சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. அடுத்து வந்தவை படங்கள்: சிறைக்கூடத்தின் கோபுரம், 1943 டிசம்பர் 30 அன்று நேதாஜி இங்கே கொடியேற்றிய காட்சி, இராசேந்திர சோழனின் கப்பற்படை. சோழன் மெய்க்கீர்த்தியில் நக்கவாரம் என்று நிக்கோபாரின் பெயர் வருவதை ஒரு மாணவன் பெருமையோடு எழுதியிருந்தான். எல்லாம் நல்லவையே. ஆனால் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தபோது, கூடம் முழுவதும் வீரர்களால் நிறைந்திருந்தது. அந்த வீரர்களுக்கு நடுவே இந்த இருபத்திரண்டு பிள்ளைகளில் ஒருவருடைய வீட்டையும் காணோம்.

அவர்களைக் குறை கூற முடியாது. காட்சிக்கு வைப்பது என்றால் போற்றுவது என்றே நாம் அவர்களுக்குக் கற்பித்திருக்கிறோம். நம் நடுகல் மரபும் அதுதானே? செங்கம் பகுதியில் எடுத்தனூர் என்ற ஊரில், மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. வீழ்ந்த வீரனோடு அவன் நாயும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்ற அந்த நாய், இரு கள்வரைக் கடித்துத் தன் தலைவன் அருகிலேயே நின்றது என்று கல்லில் எழுதிவைத்தார்கள். நன்றியுள்ள நாய்க்குப் பெயர் சொல்லிக் கல் நட்ட மக்களை எண்ணி நான் பலமுறை பெருமிதம் கொண்டிருக்கிறேன். அந்த இரு கள்வருக்குப் பெயர் என்ன என்று ஒரு முறையும் கேட்டதில்லை. நடுகல்லுக்கு அது வேண்டியதில்லை. நடுகல்லின் வேலை வாழ்த்துவது.

காட்சிக்கூடத்தின் வேலையும் அதுதானா? இக்கட்டுரை எழுதப் புகுந்ததே இந்தக் கேள்வியால்தான்.

மாணவர்களைச் சிறைக்கூடத்துக்கு அழைத்துச் சென்றோம். 1896-இல் தொடங்கி 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட கட்டடம். நடுவே காவற்கோபுரம், அதிலிருந்து ஆரக்கால்கள் போல் ஏழு கிளைகள். இன்று எஞ்சியிருப்பவை மூன்று. 1979 பிப்ரவரி 11 அன்று பிரதமர் மொரார்ஜி தேசாய் இதனை நாட்டின் நினைவுச்சின்னமாக அறிவித்தார். செக்கு, விலங்கு, சாக்குத்துணி உடை, தூக்குமேடை எல்லாவற்றையும் பிள்ளைகள் பார்த்தார்கள். 1933-ஆம் ஆண்டு உண்ணாநோன்பில் உயிர்நீத்த மகாவீர் சிங், மோகித் மொய்த்ரா, மோகன் கிஷோர் நமதாஸ் ஆகியோர் பெயர்களைக் குறித்துக்கொண்டார்கள். மொத்த அறைகள் எத்தனை என்ற கேள்வி எழுந்தது. நூல்களில் 693 என்றும் 698 என்றும் இருவகையாக அச்சாகியிருக்கிறது. அச்சில் வந்துவிட்டாலே ஓர் எண் உண்மையாகிவிடாது என்ற பாடத்துக்கு அது போதுமானதாயிற்று. ஓர் அறை 4.5 மீட்டர் நீளம், 2.7 மீட்டர் அகலம். பள்ளிக்குத் திரும்பியதும் அந்த அளவை வகுப்பறைத் தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்து, ஒருவர் பின் ஒருவராக உள்ளே போய் நின்று பார்த்தார்கள். எந்தப் பலகையும் சொல்லாததை அந்தக் கோடு சொல்லிற்று.

அப்போது ஒரு மாணவி கேட்டாள்: "சார், இந்தச் சிறை கட்டுவதற்கு முன் வந்த கைதிகள் எங்கே இருந்தார்கள்? இதைக் கட்டியவர்கள் யார்?"

கட்டியவர்கள் கைதிகளே. 1858 மார்ச்சில் மருத்துவர் வாக்கர் இருநூறு கைதிகளோடு வந்து இறங்கிய நாளிலிருந்து, ஏறத்தாழ 80,000 பேர் இத்தீவுக்கு நாடுகடத்தப்பட்டதாக ஆய்வாளர் கணக்கிடுகின்றனர். சிறைக்கூடத்தின் சலவைக்கல்லில் பெயர் பொறிக்கப்பட்ட விடுதலை வீரர்கள் அவர்களில் சில நூற்றுவர். 1857 எழுச்சியில் பிடிபட்டவர், மாப்பிளையர், ரம்பைக் கிளர்ச்சியாளர் போன்றோரையும் கூட்டினாலும், எஞ்சியவர்கள் பல்லாயிரவர். கொலை, கொள்ளை என்று தீர்ப்பு எழுதப்பட்டு வந்தவர்கள். அவர்களே காடு வெட்டினார்கள், சாலை போட்டார்கள், செங்கல் சுமந்தார்கள். கழுத்தில் இரும்பு வளையம், அதில் ஒரு மரச்சீட்டு. சீட்டில் கைதி எண், தண்டனைப் பிரிவு, தீர்ப்பு நாள், விடுதலை நாள். சில ஆண்டு நன்னடத்தைக்குப் பின் நிலம் பெற்று, பெண் கைதிகளை மணந்து குடியானார்கள். சாதியும் மொழியும் கலந்து, இந்துஸ்தானி பேசும் ஒரு மக்கள் கூட்டம் உருவாயிற்று. இங்கே அவர்களை லோக்கல் பார்ன் என்போம். ரொட்டிக்கடையிலும் மருத்துவமனை வரிசையிலும் அலுவலகத்திலும் நாள்தோறும் நாம் காண்பவர் அவர் வழியினரே. எடுத்தனூர்க் கல்லில் பெயரில்லாமல் போன இரு கள்வரை எனக்கு நினைவூட்டியது இந்தப் பல்லாயிரவர்தாம்.

இனி மற்றொரு பக்கம். ஒரு குழுவினர் ஜாரவா குடிசை ஒன்று கட்ட விரும்பினர். மூங்கிலும் ஓலையும் சேர்த்தாயிற்று. இரு சிறுவர்கள் உடலில் கரி பூசி, வில்லேந்தி நிற்பதென்றும் முடிவாயிற்று. பள்ளி விழாக்களில் இதைப் பலமுறை கண்டு கைதட்டியவன்தான் நானும். தமிழாசிரியர் மட்டும், "முதலில் மானிடவியல் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வருவோம்" என்றார்.

எழுபதுகளின் நடுவில் இந்திய மானிடவியல் அளவைத்துறை அமைத்த அந்தச் சிறிய அருங்காட்சியகத்தைப் போர்ட் பிளேரில் வாழும் நம்மவர் பலரும் பார்த்ததில்லை. ஊரிலிருந்து விருந்தினர் வந்தால் மட்டுமே நினைவுக்கு வரும். பெரிய அந்தமானியர், ஓங்கே, ஜாரவா, சென்டினலியர், நிக்கோபாரியர், ஷொம்பென் என ஆறு குடிகளின் பொருள்கள் அங்கே உள்ளன. கூடை, அம்பு, மார்புக்கவசம். பொருள்கள் எத்தனை அழகாக அடுக்கப்பட்டிருந்தாலும் அவை பேசுவதில்லை. போ என்ற மொழியின் கடைசிப் பேச்சாளரான போவா சீனியர் மூதாட்டி 2010 சனவரியில் மறைந்தார். அவர் குரல் சிறிது ஒலிப்பதிவில் இருக்கிறது. அக்குரலுக்கு அம்மொழியில் மறுமொழி கூற எவரும் இல்லை.

அங்கிருந்து திரும்பும்போது போர்ட்மன் கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். 1880-இல் போர்ட்மன் என்ற ஆங்கிலேய அதிகாரி வட சென்டினல் தீவில் இறங்கி, ஒரு முதிய கணவன் மனைவியையும் நான்கு குழந்தைகளையும் பிடித்துப் போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்தார். ஆறு பேரும் நோயுற்றனர்; முதியவர் இருவரும் மாண்டனர். குழந்தைகளைப் பரிசுப்பொருள்களோடு தீவிலேயே கொண்டுபோய் விட்டார்கள். அதே அதிகாரி பின்னாளில் அந்தமான் குடிகளைக் கட்டம் போட்ட திரையின் முன் நிறுத்தி, நேராகவும் பக்கவாட்டிலும் படம் பிடித்தார். அவர் சேர்த்த படங்கள் இலண்டன் அருங்காட்சியகத்துக்குப் போயின. அறிவுக்காக என்றார்கள். ஆம், அறிவு பெருகத்தான் செய்தது.

"அது வெள்ளைக்காரன் செய்தது, சார்" என்றான் ஒருவன்.

அந்தமான் நெடுஞ்சாலையில் பேருந்தில் போனதில்லையா என்று அவனைக் கேட்டேன். ஜாரவா காட்டை ஊடறுத்துச் செல்லும் சாலை அது. அந்தச் சாலைப் பகுதியை மூடுமாறு உச்ச நீதிமன்றம் 2002-இல் ஆணையிட்டது, சாலை மூடப்படவில்லை. ஜாரவாப் பெண்களைத் தின்பண்டம் காட்டி ஆடச்சொன்ன ஒளிப்படம் 2012 சனவரியில் உலகெங்கும் பரவித் தலைகுனிவு தந்தது. பேருந்தின் கண்ணாடிக்குள் இருந்துகொண்டு கழுத்தை நீட்டியவர்களில் நம் குடும்பங்களும் உண்டு. 'இன்று இரண்டு பேரைப் பார்த்தோம்' என்று வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கிறோம். அருங்காட்சியகப் பெட்டியின் கண்ணாடிக்கும் பேருந்துக் கண்ணாடிக்கும் உள்ள வேற்றுமை, ஒன்று நிற்கிறது, மற்றொன்று ஓடுகிறது என்பதுதான்.

நம்மையும் ஒரு காலத்தில் அவ்வாறு பார்த்தவர்கள் உண்டு. 1885 முதல் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னாட்டுச் சாதிகளைப் பற்றி ஏழு தொகுதி நூல் வெளியிட்டவர். அளவுகோல்களைக் கொண்டு மக்களின் தலையையும் மூக்கையும் அளந்தார். அருங்காட்சியகத்தைச் சுற்றிப்பார்க்க வந்தவர்களையும் விட்டுவைக்கவில்லை. பார்க்க வந்தவனே பார்க்கப்படும் பொருளானான். என் பாட்டனாருக்கு முந்தியவர் எவரேனும் அன்று எழும்பூருக்குப் போயிருந்தால், அவர் மூக்கின் அகலமும் ஒரு பட்டியலில் ஏறியிருக்கும்.

இதைக் கேட்டுப் பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும், கரி பூசிக்கொள்ள முன்வந்த இருவரில் ஒருவன், "ஜாரவாக்கள் நம்மைப் பற்றி ஒரு கண்காட்சி வைத்தால் எதையெல்லாம் வைப்பார்கள்?" என்றான். யாரும் விடை சொல்லவில்லை. மறுநாள் குடிசையைப் பிரித்துவிட்டார்கள். அந்த இடத்தில் சாலையின் வரைபடம் ஒன்றும், பழங்குடிகளைக் காக்க 1956-இல் பிறந்த ஒழுங்குமுறைச் சட்டம் முதல் இன்று வரையுள்ள ஆணைகளின் வரிசையும் வந்தன. அதில் ஜாரவா ஒருவரின் படமும் இல்லை. நம்மைப் பற்றிய பகுதியாக அது மாறிவிட்டது. கேட்டு ஒப்புதல் பெற முடியாதவரைக் காட்டக் கூடாது என்று நான் விதி எதுவும் கூறவில்லை. அப்படி விதித்தால் இறந்தோர் எவரையும் காட்ட முடியாதே! அவர்களாகவே கண்டடைந்தது அது.

பொருளின் உரிமையாளன் ஒருநாள் வந்து நின்றால் என்ன சொல்வோம் என்று கேட்டுப் பார்ப்பது நல்ல பயிற்சி. தமிழர்க்கு இது வெறும் கற்பனையன்று. பத்தூர்க் கோயிலுக்குரிய நடராசர் திருமேனி 1976-இல் மண்ணிலிருந்து வெளிப்பட்டு, கள்ளத்தனமாகக் கடல் கடந்து இலண்டன் சேர்ந்தது. வழக்கு நடந்தது. கோயிலின் பெயராலும் இறைவன் பெயராலும் உரிமை கோரப்பட்டு, 1991-இல் திருமேனி நாடு திரும்பிற்று. உரிமையாளரே வழக்குமன்றம் ஏறிய கதை அது! எழும்பூரின் செப்புத்திருமேனிக் கூடத்தில் நின்று வியந்தவர்கள், அதே போன்ற திருமேனி நம் ஊர்க் கோயிலில் பட்டும் மாலையும் போர்த்தி முகம் மட்டும் தெரிய உலாவருவதை நினைத்துப் பார்க்க வேண்டும். எது காட்சி? நிக்கோபாரியர் நோயையும் தீய ஆவியையும் விரட்ட வீட்டுக்குள் நிறுத்திய மரப்பாவைகள் இன்று பல நாட்டு அருங்காட்சியகங்களில் கலைப்பொருள்களாக நிற்கின்றன. அவை நம்மைப் பார்த்து மகிழச் செய்யப்பட்டவை அல்ல. விரட்டச் செய்யப்பட்டவை.

கச்சால் தீவிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை ஒருவன் எங்கள் குழுவில் இருந்தான். 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பயனாக இலங்கை மலையகத்திலிருந்து தாயகம் திரும்பிய தமிழரில் சிலர் கச்சாலின் ரப்பர்த் தோட்டத்தில் குடியேற்றப்பட்டது நம் வாசகர் அறிந்ததே. 2004 டிசம்பர் 26 காலை கடல் அத்தீவை வாரிக்கொண்டு போயிற்று. அவன் ஒன்றும் கொண்டுவரவில்லை. "எங்கள் வீட்டில் எதுவும் மிஞ்சவில்லை, சார், அப்பாவுக்கே தம் அப்பாவின் படம் கிடையாது" என்றான். பொருளில்லாதவனுக்குக் கண்காட்சியில் இடமில்லையா? பிள்ளைகள் ஒரு வெற்றுப் பீடத்தை வைத்து, மேலே கண்ணாடிப் பெட்டியைக் கவிழ்த்து, 'கண்டி – கச்சால்' என்று மட்டும் எழுதி நிறுத்தினார்கள். நான் அதை வேண்டாமென்று நினைத்தேன். வந்தவர்கள், பொருளை வைக்க மறந்துவிட்டார்கள் என்று எண்ணுவார்களே! அப்படித்தான் சிலர் எண்ணவும் செய்தார்கள். ஆனால் கச்சாலைப் பிழைத்து வந்த ஒரு முதியவர் அதன் முன் நெடுநேரம் நின்றார்.

இப்போது என் பிழையைச் சொல்ல வேண்டும்.

சிறையைக் கட்டியவர் யார் என்று கேட்ட மாணவியின் தந்தை இராமநாதபுரத்துக்காரர். தாய் லோக்கல் பார்ன். அவள் ஒரு பித்தளைச் செம்பு கொண்டுவந்தாள். தாய்வழிப் பாட்டியின் பாட்டனாருடையது. தஞ்சைச் சீமையிலிருந்து கைதியாக வந்தவர் அவர். வடநாட்டுப் பெண் கைதி ஒருத்தியை மணந்தவர். வீட்டில் இன்று யாருக்கும் தமிழ் தெரியாது, தந்தை வழியாக அவளுக்குத் திரும்பி வந்த தமிழைத் தவிர. அவள் எழுதிக்கொண்டுவந்த அட்டையில், '302-ஆம் பிரிவின் கீழ் தண்டனை பெற்று வந்தார்' என்றிருந்தது.

எனக்குக் கை பதறிற்று. பள்ளிக்கூடம், பெற்றோர் வருவார்கள், மறுநாள் பிள்ளையை என்னவெல்லாம் சொல்லி அழைப்பார்கள்? குறிப்பெழுதிப் பழகிய கை தன் வேலையைச் செய்தது. 'ஆங்கில ஆட்சியின் அடக்குமுறைக்கு ஆளாகித் தீவு கண்டவர்' என்று திருத்தினேன். இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை என்று எனக்கே நான் சொல்லிக்கொண்டேன். படிப்பவர் விடுதலை வீரர் என்று பொருள் கொள்வார்கள். கொள்ளட்டும், யாருக்கு நட்டம்? அப்பெண் ஒன்றும் பேசாமல் அழகிய கையெழுத்தில் படி எடுத்துச் செம்பின் கீழ் வைத்தாள்.

கண்காட்சியின் முதல் நாளே அவள் பாட்டி வந்துவிட்டார். எண்பதை நெருங்கும் வயது. "நானி, இதுதான்" என்று கையைப் பிடித்து அழைத்துவந்து, அட்டையைப் பேத்தி இந்தியில் பெயர்த்துப் படித்தாள். பாட்டி செம்பைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பி, "பாபுஜி, செம்பு எங்களுடையது. இந்த ஆள் எங்கள் ஆள் அல்ல; வேறு யாரோ" என்றார். குரலில் சினமில்லை. முகவரி மாறி வந்த கடிதத்தைத் தபால்காரரிடம் திருப்பிக் கொடுப்பவர்போல் சொன்னார்.

நண்பர் ஒருவரிடம் இதைக் கூறியபோது, "பள்ளிக் கண்காட்சிதானே, இதற்கு இத்தனை ஆராய்ச்சியா? பிள்ளைகளுக்கு நல்ல முன்மாதிரிகளைக் காட்டினால் போதாதா?" என்றார். அவர் சொல்லில் நியாயம் இல்லாமலில்லை. நடுகல் இல்லாத ஊர் வறிய ஊர். வீரரைப் போற்றாமல் ஒரு தலைமுறையை வளர்க்க முடியாது. சிறைக்கூடத்துச் சலவைக்கல்லின் முன் என் தலை இன்றும் தாழ்கிறது. ஆனால் எல்லாரையும் வீரராக்கினால் மெய்யான வீரரின் பெயர் மலிந்துபோகிறது; வீரராக ஆக்க முடியாதவர் வாழவே இல்லை என்றாகிறது. நான் அந்தப் பாட்டனாருக்குச் செய்தது மரியாதை என்று எண்ணினேன். உண்மையில், இருந்தபடியே அவரை நிறுத்த எனக்கு வெட்கமாயிருந்தது. அந்த வெட்கத்தை அட்டையில் எழுதி அப்பெண்ணின் கையாலேயே படியெடுக்கச் செய்துவிட்டேன். மாணவர்க்கு நான் கற்பித்த பாடங்களில் அதுதான் மிக ஆழமாகப் பதிந்திருக்குமோ என்று இன்றும் அஞ்சுகிறேன்.

மறுபுறம், அவள் முதலில் எழுதிய அட்டையும் முழுச் சரி என்று சொல்லத் துணியேன். ஒரு மனிதனைத் தண்டனைப் பிரிவின் எண்ணால் மட்டும் குறிப்பது, அவன் கழுத்தில் பழைய மரச்சீட்டை மீண்டும் மாட்டுவதாகாதா? உண்மை என்பதாலேயே ஒன்றை ஊரறிய வைத்துவிட நமக்கு உரிமை வந்துவிடுகிறதா? அந்த உண்மையோடு நாள்தோறும் வாழ வேண்டியவர்கள் வேறு பேர். எப்படி எழுதினாலும் எழுதியவன் கை அதில் படிந்துவிடுகிறது. இதற்கு நூல்களில் அளவு சொல்லப்படவில்லை, சென்டிமீட்டரிலும் இல்லை, லக்ஸிலும் இல்லை.

நாங்கள் செய்தது எளிது. என்ன எழுதலாம் என்று பாட்டியையே கேட்டோம். முதல் நாளே கேட்டிருக்க வேண்டியது. நாற்காலியில் அமர்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, சற்று யோசித்துச் சொன்னார். "பெயர் வேண்டாம், ஊர் போதும்" என்றார். பேத்தி இந்தியில் எழுதிக்கொண்டு, பக்கத்திலேயே தமிழாக்கினாள். நான் ஒரு சொல்லையும் தொடவில்லை. அட்டையில் இருந்தது இவ்வளவே: 'தஞ்சைப் பக்கத்துக்காரர். ஒருவனைக் கொன்றுவிட்டு வந்தார். ஏன் என்று மனைவியிடமும் சொன்னதில்லை. நிலம் கிடைத்த பின் நெல் பயிரிட்டார். ஊருக்குத் திரும்பிப் போகலாம் என்றபோது போகவில்லை. இந்தச் செம்பை வேறு எவரையும் தொடவிட்டதில்லை.'

மறுநாள் அந்த அட்டையின் முன் கூட்டம் நின்றது. அதைப் பார்த்துவிட்டு லோக்கல் பார்ன் மாணவர் இருவர் வீட்டிலிருந்து ஒரு பழைய அரிவாளையும் மங்கிய உருதுத் தாளொன்றையும் கொண்டுவந்து, இடமிருக்கிறதா என்று கேட்டனர். அப்பெண்ணைப் பற்றி யாரேனும் ஏதேனும் சொன்னார்களா என்று தமிழாசிரியரிடம் விசாரித்தேன். ஒரு சிலர் சொன்னார்களாம். "அவள் பதில் சொல்லிக்கொண்டாள்" என்றார். என்ன பதில் என்று அவர் கூறவில்லை, நானும் கேட்கவில்லை.

கண்காட்சி மூன்று நாள். மூன்றாம் நாள் நண்பகலில், நிறைவு விழாவுக்கு முன்பே, பாட்டி மீண்டும் வந்து செம்பை எடுத்துத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டார். விழா முடியும்வரை இருக்கட்டுமே என்று நான் சொல்லிப் பார்த்தேன். அன்று அவர்கள் பகுதியில் குழாயில் தண்ணீர் விடும் நாள். செம்பு வீட்டுக்கு வேண்டும் என்றார். பரிசளிப்புக்கு வந்த பெரியவர்கள் கூடத்தைச் சுற்றிப் பார்த்தபோது, கச்சால் பீடத்துக்கு எதிரே இன்னொரு வெற்றுப் பீடமும் இருந்தது, அட்டை மட்டும் வைத்தபடியே.